மைதானத்துக்கு வெளியே ஒரு கோச்!

கடலூரில் விருத்தாசலம் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால், செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக வழி நெடுகக் கூடவே வந்துகொண்டிருக்கும். அப்படியே போனால் குள்ளஞ்சாவடி. இன்னும் சற்று மேற்கே போனால் நெய்வேலி. நான் தேடிப் போன பெரியவர் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் நான் போனது நிலக்கரியைப் பற்றி விசாரிக்க அல்ல. கால்பந்தைப் பற்றிக் கேட்க.

ஊரெல்லாம் கிரிக்கெட் பைத்தியமாக இருக்கும்போது, ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு மனிதர் கால்பந்தையே கட்டிக்கொண்டு அழுகிறார் என்றால் அவரைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "போட்டீங்கன்னா அடுத்த மேட்சிலே என்னை மைதானத்துக்குள்ளே விட மாட்டாங்க, தம்பி!" என்றார். அப்போது அது வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது.

திண்ணையில் உட்கார்ந்ததும் அவருடைய மனைவி சொம்பில் மோர் கொண்டு வந்து வைத்தார். "குடிச்சுட்டுக் கேளுங்க. ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு" என்று ஓர் எச்சரிக்கையும் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

பத்து கோலும் ஒரு தங்கமும்

"நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு வழக்கம், தம்பி. தோத்தா கோச் முட்டாள். ஜெயிச்சா பையன் சூரன். கோச்சுன்னா யாருன்னு தெரியணுமானா ரஹீம் சாயபுவைத் தெரிஞ்சுக்கணும்" என்று ஆரம்பித்தார்.

சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950-லிருந்து இந்தியக் கால்பந்துக் குழுவின் பயிற்சியாளர். அவர் பழக்கிய ஹைதராபாத் போலீஸ் குழு, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து தடவை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தட்டிக்கொண்டு வந்தது. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா ஈரானை 1–0 என்று வென்று தங்கம் வாங்கியது.

அடுத்த வருஷமே விழுந்தது அடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10–1! நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள்.

"பத்து கோல்! இன்னைக்கா இருந்தா அந்த மனுஷனை விமான நிலையத்திலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அன்னைக்கு அனுப்பலே. அவரும் சும்மா இருக்கலே. காலிலே பூட்ஸ் ஏறிச்சு, ஆட்டத்தையும் மாத்தினார்."

நான்கு வருஷம் கழித்து 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். அங்கே ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4–2 என்று தோற்கடித்தார்கள். நெவில் டிஸோஸா என்பவர் மட்டும் மூன்று கோல் போட்டார். இந்தியாவுக்கு நான்காவது இடம். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் மீண்டும் தங்கம்.

"எங்க அப்பா இந்தச் சுரங்கத்திலே மண்ணு அள்ள வந்தவர். 1957-லே நேரு வந்து வேலையைத் தொடங்கி வெச்சார். முதல் நிலக்கரியைக் கண்ணிலே பார்த்தது எப்போ தெரியுமா? 1961-லே! நாலு வருஷம் வெறும் மண்ணு. நூத்தம்பது அடிக்கு மேலே மேல்மண்ணை வாரிக் கொட்டணும். அடியிலே இருக்கிற ஊத்துத் தண்ணியை ராத்திரி பகலா இறைச்சுக்கிட்டே இருக்கணும். அப்புறம்தான் கரி. முதல் வருஷமே கரி எங்கேன்னு கேட்டு என்ஜினீயரை மாத்தியிருந்தா இன்னைக்கு நெய்வேலி ஏது?"

ஐந்து வருஷம் போதாதா?

நானும் விடவில்லை. "ஐயா, பொறுமை பொறுமை என்கிறீர்கள். குரோஷியாக்காரர் இகோர் ஸ்டிமாச்சுக்கு 2019-லிருந்து ஐந்து வருஷம் கொடுத்துப் பார்த்தார்களே! 2024 ஜூன் மாதம் கத்தாரிடம் 2–1 என்று தோற்று, உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போக முடியாமல் போயிற்றே?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "நல்ல கேள்வி. அவரை அனுப்பினாங்க. அப்புறம் ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கேஸ் வந்தார்; ஒரு வருஷத்திலே போயிட்டார். 2025 ஆகஸ்டிலே காலித் ஜமீல் வந்தார். ஆனா நான் சொல்ற கணக்கு காலண்டர் கணக்கு இல்லே, தம்பி, மைதானத்துக் கணக்கு. ரஹீம் ஹைதராபாத்திலே பையன்களைத் தினமும் கண்ணாலே பார்த்தார். எவன் எந்தக் காலிலே நொண்டுவான்னுகூடத் தெரியும். இப்போ ஆட்டக்காரங்க அவங்கவங்க கிளப்பிலே இருக்காங்க. தேசியக் குழு கோச்சுக்குப் பையன்கள் கையிலே கிடைக்கிறது போட்டிக்கு முன்னாடி கொஞ்ச நாள். அஞ்சு வருஷம்னு பேரு. கூட்டிப் பார்த்தா எத்தனை நாள் தேறும்?"

ரஹீமின் பாடத்தில் இரண்டு விஷயங்கள் அவருக்கு ரொம்பப் பிடித்தவை. பலமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பாராம் ரஹீம். பந்தைத் தானே உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது, வந்ததும் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. வலக்கையில் கரண்டி பிடித்தே பழகியவர் ஒரு நாள் இடக்கையால் தோசை வார்த்துப் பார்த்தால் முதல் போட்டியின் அருமை விளங்கும். இரண்டாவதன் அருமை கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்!

இடம் மாறிய வீரர்கள்

"கோச்சோட பெரிய வேலை என்னன்னு நினைக்கிறீங்க? கத்தறதா? இல்லே. யாரை எங்கே நிறுத்தணும்னு கண்டுபிடிக்கிறது" என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போனார் பெரியவர்.

பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமென்டுக்கு ஆட வந்தபோது அவர் முன்வரிசை ஆட்டக்காரர், கோல் போடுகிறவர். பிறகுதான் கோல் காக்கிறவராக மாறினார். ஆசியாவிலேயே சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார்.

ஜர்னைல் சிங் கதை இதற்கு நேர்மாறு. அவர் பின்வரிசைத் தூண். 1962-ல் ஜகார்த்தாவில் தாய்லாந்தோடு ஆடும்போது தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். அந்தக் காயத்தோடு ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக அவர் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ம் தேதி இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. முதல் ஆட்டத்தில் நம்மை 2–0 என்று தோற்கடித்த அதே குழு. அரங்கில் கூட்டமோ நமக்கு எதிராக ஊளையிட்டது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல் கம்பத்தில் தங்கராஜ். 2–1 என்று தங்கம் நமக்கு. அப்போதே புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்த ரஹீம் மறு வருஷம் ஜூன் மாதம் காலமானார்.

இதைச் சொல்லும்போது பெரியவரின் கண் கலங்கிவிட்டது. "எங்க அப்பா பேப்பரைக் கொண்டாந்து தெருவிலே நின்னு படிச்சுக் காட்டினார், தம்பி. எனக்கு அப்போ ஒன்பது வயசு."

கடலூர்ப் பெண்கள்

மோர்ச் சொம்பை எடுக்க வந்த அம்மாள் அங்கேயே நின்றுவிட்டார். "அறுபது வருஷத்துக் கதை சொல்றீங்களே, நம்ம கடலூர்ப் பொண்ணுங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி! 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி கடலூர்க் கரையை எப்படிச் சூறையாடியது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தக் கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் குழந்தைகளுக்குக் கால்பந்து கற்றுக் கொடுத்தார். சுனாமியில் பெற்றவர்களையும் வீட்டையும் இழந்த குழந்தைகளும் அவர்களில் உண்டு. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பெண் பந்து உதைப்பதா என்று கேட்டவர்களுக்குக் குறைவில்லை.

கடலூர்ப் பெண்ணான இந்துமதி கதிரேசன் இந்தியக் குழுவில் நடுவரிசை ஆட்டக்காரராக உயர்ந்தார். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகமும் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2–1 என்று வென்று முதல் தடவையாகத் தேசியப் பட்டம் வாங்கினார்கள். பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர்தான் என்று இருந்த காலம் அது. 2019-ல் மதுரை சேது குழு இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவைத் தோற்கடித்து மாநிலத்துக்கு இரண்டாவது பட்டம். 2025 ஜூலை 5-ம் தேதி இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் ஊரிலேயே 2–1 என்று வென்று, முதல் தடவையாகத் தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பையில் இடம் பிடித்தார்கள். அந்த இரண்டு கோலையும் போட்டவர் சங்கீதா பாஸ்ஃபோர்.

"சப்-இன்ஸ்பெக்டர்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சமையற்கட்டு வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அது மருமகள். அவர் எட்டிப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது.

பேத்தி சொன்னது

பெரியவரின் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடக் குழுவில் ஆடுகிறாள். நான் போவதற்கு முந்திய வாரம் ஓர் ஆட்டத்தில் 5–0 என்று தோற்றுவிட்டு வந்திருந்தாள். "அடுத்த வருஷம் பத்தாவது. பந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று மருமகள் சொல்லியாகிவிட்டது. வீட்டில் நாலு நாளாகப் பேச்சு வார்த்தை சரியில்லை.

"தப்பு அந்த பி.டி. டீச்சர் மேலே!" என்று பெரியவர் பொங்கினார். "இவ முன்னாலே ஆடறவ. புலி மாதிரி ஓடுவா. அவளைக் கொண்டுபோய்ப் பின்னாலே நிறுத்தினா? நான் கோட்டுக்கு வெளியே நின்னு தொண்டை கிழியக் கத்தினேன், 'முன்னே போ, முன்னே போ'ன்னு!"

பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றிருந்தாள் அந்தப் பெண். மெதுவாகச் சொன்னாள்: "அதான் தாத்தா, நான் முன்னே போனேன். நான் போன இடம் காலியா இருந்துச்சு. அது வழியாத்தான் ரெண்டு கோல் விழுந்துச்சு. டீச்சர் நில்லுன்னு சொன்னாங்க, நீங்க போன்னு சொன்னீங்க. பந்து வரும்போது நான் யார் பேச்சைக் கேக்கறது?"

திண்ணையில் சத்தமே இல்லை. எங்கேயோ ஒரு லாரி போகிற ஓசை கேட்டது.

அம்மாள்தான் பேசினார். "ஏங்க, அந்தத் தங்கராஜை முன்னாலேருந்து கோலுக்கு மாத்தினாங்க, அந்தச் சிங்குக்காரரைப் பின்னாலேருந்து முன்னாலே அனுப்பினாங்கன்னு இத்தனை நேரம் சொன்னீங்களே! அதெல்லாம் ரஹீம் சாயபு செஞ்சா சரி, பள்ளிக்கூடத்து டீச்சர் செஞ்சா தப்பா?"

பெரியவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் பதில் வரவில்லை. கடைசியில், "அந்தப் பொண்ணு டீச்சருக்கு வயசு இருபத்தஞ்சுகூட இருக்காது. அவகிட்டே போய் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றார்.

கால்பந்து ரஸிகர்களின் கோளாறு இதுதான் போலும்! மைதானத்துக்கு வெளியே நிற்கிற நம் எல்லோருக்கும் ஆட்டம் நன்றாகத் தெரிகிறது. உள்ளே ஓடுகிற பிள்ளைக்குத்தான் இரண்டு காதிலும் இரண்டு குரல். பந்தாட்டத்தில் மட்டுமா? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், புதிதாகச் சமையற்கட்டில் நுழைகிற மருமகளுக்கும் இதே கதிதானே?

"அத்தை, முழுப் பரீட்சை வரைக்கும் ஆடட்டும். மார்க்கு குறைஞ்சா அப்புறம் பார்க்கலாம்" என்று சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது. அந்த வீட்டில் அன்று மாலை விழுந்த ஒரே கோல் அதுதான்!

"இவரு வாய் சும்மா இருக்காதே, அதுக்கு என்ன செய்யறது?" என்று நான் கேட்காத கேள்வியையும் அம்மாளே கேட்டு, பதிலும் சொன்னார்: "அடுத்த மேட்சுக்கு ஒரு டப்பா முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்பறேன்!"

மூன்று வாரம் கழித்து டெலிபோனில் விசாரித்தேன். மறுபடியும் தோல்வி, ஆனால் இந்தத் தடவை 2–1.

"பாப்பா எங்கே ஆடினாள், ஐயா?"

"பின்னாலேதான், தம்பி. மூணு கோலைக் காலாலே தடுத்தா."

"நீங்கள்?"

"முறுக்கு ஹாஃப் டைமுக்குள்ளேயே தீர்ந்துபோச்சு" என்றார் பெரியவர். "ஆனா வாயைத் திறக்கலே!"