கயிறு என் கையில்!

என் கணவரின் அண்ணன் பிரான்ஸ் நாட்டில் துலூஸ் நகரில் குடும்பத்தோடு இருக்கிறார். 2023 ஜூன் மாதம் நாங்கள் அங்கே போயிருந்தபோது, "ரெண்டு நாள் படகுல போகலாமா?" என்று கேட்டார். படகோட்டி யார் என்று கேட்டேன். "நாமதான்!" என்றாரே பார்க்கலாம், எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காஸ்தெல்நோதாரி என்ற ஊரில் படகை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு அறை, குட்டிச் சமையலறை, கேஸ் அடுப்பு எல்லாம் உள்ளேயே! வாடகைப் படகுக்கு லைசென்ஸ் வேண்டாமாம். கொஞ்ச நேரம் ஓட்டக் கற்றுக் கொடுத்து, ஒரு சீட்டும் தந்து அனுப்பிவிட்டார்கள். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வேகமாகப் போனால் அலை அடித்துக் கரை கரைந்துவிடும் என்றார்கள்.

அந்தக் கால்வாயின் பெயர் கனால் து மிதி. நீளம் 240 கிலோமீட்டர். உப்பு வரி வசூலித்து வந்த ரிக்கே என்பவர், தன் சொந்தப் பணத்தையும் போட்டு 1666-ல் வெட்ட ஆரம்பித்தாராம். 1681-ல் திறந்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. "பொம்பளைங்களும் மண் சுமந்து வெட்டின கால்வாய் இது" என்று என் ஓரகத்தி சொன்னபோது மனசு சிலிர்த்தது.

கால்வாயில் மேடு பள்ளம் வந்தால் படகு எப்படி இறங்கும்? அதற்குத்தான் 'லாக்'. இரண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய தொட்டி அது. படகு உள்ளே போனதும் பின்கதவை மூடி, முன்பக்கம் தண்ணீரைத் திறந்து விடுவார்கள். தண்ணீர் இறங்க இறங்கப் படகும் இறங்கும். பிறகு முன்கதவு திறக்கும். கிளம்பியதுமே வந்த சேன் ரோக் என்ற இடத்தில், மாடிப்படி மாதிரி இப்படி நான்கு தொட்டிகள் அடுத்தடுத்து!

கரையில் உள்ள இரும்புக் கட்டையில் கயிற்றைச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, படகு இறங்க இறங்க விட்டுக் கொடுக்க வேண்டும். நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். "நீ பேசாம பசங்களோட உக்காரு, விழுந்து வெக்கப் போறே" என்றார் என்னவர். உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது தொட்டியில் அவர் கயிற்றைப் படகிலேயே முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, போட்டோ எடுக்கத் திரும்பினார். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கயிறு விறைத்து முறுக்கிக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். சின்ன வயசில் கிணற்றில் தண்ணீர் இறைத்த கை ஆயிற்றே! பாரம் ஏறின முடிச்சை அவிழ்க்கவே முடியாது என்று எனக்குத் தெரியும். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன. சின்னவள் அழ ஆரம்பித்தாள்.

"நிறுத்துங்க! கயிறு! கயிறு!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். பிரெஞ்சு எங்கே ஞாபகம் வரும்? ஆனால் லாக் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு என் தமிழ் புரிந்துவிட்டது! உடனே தண்ணீர் வெளியே போவதை நிறுத்தி, மேலிருந்து கொஞ்சம் உள்ளே விட்டார. படகு மேலே வந்தது, கயிறு தளர்ந்தது, முடிச்சு அவிழ்ந்தது. அவர் என்னவரைப் பார்த்து ஏதோ சொன்னார். பிறகு கயிற்றைக் காட்டி, என்னை நோக்கிக் கை நீட்டினார்.

என்னவர் ஒன்றும் பேசாமல் நுனியை என் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் அன்றைக்கு வந்த எல்லா லாக்கிலும் கயிறு என்னிடம்தான்!

மதியம் லாக்குக்குச் சாப்பாட்டு நேரம். மூடிவிட்டார்கள். கரையில் படகைக் கட்டி, எலுமிச்சை சாதம் கிளறி, மர நிழலில் சாப்பிட்டோம். அந்தப் பிளேன் மரங்களுக்கு ஒரு பூஞ்சை நோய் வந்திருக்கிறதாம். 2006-ல் கண்டுபிடித்ததிலிருந்து, மற்ற மரத்துக்குப் பரவாமல் இருக்கப் பல ஆயிரம் மரங்களை வெட்டி எரித்திருக்கிறார்கள். வெறிச்சோடிக் கிடந்த கரையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புதுக் கன்றுகளும் நட்டு வருகிறார்கள்.

சாயங்காலம் என்னவர் மெதுவாக, "நீ மட்டும் கத்தலேன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். எனக்கு அதுவே போதும்.

தோழிகளே, படகில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். லாக்கில் இறங்கும்போது கயிற்றைக் கட்டவே கட்டாதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 'உனக்கென்ன தெரியும்' என்று யார் சொன்னாலும், ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்!

- ஒரு வாசகி, புதுச்சேரி.