இரண்டு அண்டா போதும்

நாற்பது பேரை வீட்டுக்கு அழைத்துவிட்டால் சாப்பாட்டைப் பற்றி ஒரு வாரம் யோசிக்கிறோம். வடைக்கு எத்தனை படி உளுந்து, பாயசத்துக்கு எத்தனை லிட்டர் பால் என்று கணக்குப் போட வீட்டில் ஆள் உண்டு. குடிப்பதற்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. முந்தின நாள் சாயங்காலம் கடைக்குப் போய், ஆரஞ்சு, கறுப்பு, பச்சை என்று ஆறேழு நிறத்தில் இரண்டு லிட்டர் பாட்டில்களை வாங்கி, ஏற்கெனவே நிரம்பி வழியும் ஃப்ரிட்ஜில் திணிக்கிறோம். விசேஷம் முடிந்ததும் பார்த்தால் ஐந்து பாட்டில்கள் கேஸ் போய்ப் பாதியில் நிற்கும். தண்ணீர் கேனோ ஏழு மணிக்கே காலியாகியிருக்கும். வகையைக் கூட்டுவதைத்தான் திட்டமிடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். வீட்டு விருந்தில் பானத்தைக் கெடுப்பதே அந்த வகைப் பெருக்கம்தான். உப்பில் ஒன்று, இனிப்பில் ஒன்று, தாராளமாகத் தண்ணீர், கடைசியில் காபி. இதற்குமேல் வேண்டியதில்லை.

முதலில் அளவு. மே மாதச் சாயங்காலம், மூன்று நான்கு மணி நேரம், நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஆளுக்கு இரண்டு டம்ளர், டம்ளருக்கு 150 மில்லி என்றால் 12 லிட்டர். இதில் எட்டு லிட்டர் நீர்மோர், நான்கு லிட்டர் நன்னாரி சர்பத். ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்ற கணக்கில் மோருக்கு இரண்டு லிட்டர் தயிர் போதும். சர்பத்துக்கு டம்ளருக்கு 30 மில்லி பாகு, அரை எலுமிச்சம்பழம்; ஆக 800 மில்லி பாகும் பதின்மூன்று பதினான்கு பழமும். தண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர் என்றாலே ஒரு 20 லிட்டர் கேன் தீர்ந்துவிடும். மோருக்கும் சர்பத்துக்கும் சேர்த்து இன்னொரு கேன் கையிருப்பில் இருக்க வேண்டும்.

இனிக் குளிர்ச்சி. பெரும்பாலான வீடுகளில் கணக்கு தப்புவது இங்கேதான். வீட்டு ஃப்ரிட்ஜ் குளிர்ந்த காற்றை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. தண்ணீரோடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் இருபது மடங்குக்கும் மேல் மந்தம். மத்தியானம் உள்ளே வைத்த பத்துப் பாட்டிலும் சாயங்காலத்துக்குள் ஜில்லென்று ஆகாததற்கு அதுதான் காரணம். போதாக்குறைக்கு, ஏற்கெனவே உள்ளே இருந்த பாலையும் அவை சூடாக்கும். ஐஸின் பலம் வேறு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது, 30 டிகிரியில் இருக்கும் நான்கரை லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரிக்கு இறக்கிவிடும். நம் 12 லிட்டருக்கு இரண்டரைக் கிலோ போதும். ஆனால் அந்த இரண்டரைக் கிலோவும் உருகி இரண்டரை லிட்டர் தண்ணீராகும் என்பதை மறக்கக் கூடாது. அதை முன்கூட்டியே கழித்துக்கொண்டு மோரைக் கெட்டியாகவும் சர்பத்தைத் தூக்கலாகவும் கரைத்து வைக்க வேண்டும். ஐஸ் போடுவதற்கு முன் ருசி பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று நினைத்தால், பரிமாறும்போது அது சப்பென்றிருக்கும். அதோடு, குளிர்ச்சி ஏற ஏற நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு நாள் முன்பிருந்தே, காய்ச்சி ஆறிய தண்ணீரை அரை லிட்டர் டப்பாக்களில் உறையவைத்துக்கொள்ளலாம்; சின்னக் கட்டியைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும். மீன் கடைக்குப் போகும் பாளத்தை உடைத்து மோரில் போடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அது குடிப்பதற்கான ஐஸ் அல்ல. உணவுக்கு ஆகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

‘மோர் மட்டும் கொடுத்தால் கஞ்சத்தனம் என்பார்களே, பிள்ளைகள் கலர் கேட்குமே?’ நியாயமான கேள்வி. 1916-இல் தொடங்கிய காளிமார்க் காலத்திலிருந்தே கலருக்கும் பன்னீர் சோடாவுக்கும் நம் விசேஷங்களில் இடம் உண்டு. அதை ஒதுக்கச் சொல்லவில்லை. வாங்குவதானால் சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற கோலி சோடா பாட்டிலில், உள்ளே இருக்கும் கேஸின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துவைக்கும். ஒருவர் உடைத்தால் ஒருவரே குடித்து முடிப்பார். இரண்டு லிட்டர் பாட்டிலில் முதல் நான்கு பேருக்கு சோடா, மீதிப் பேருக்குச் சர்க்கரைத் தண்ணீர். சின்னப் பாட்டில்களை ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் ஒரு கைப்பிடிக் கல்லுப்பும் போட்டு அமுக்கிவைத்தால் அரை மணிக்குள் குளிர்ந்துவிடும், ஃப்ரிட்ஜே தேவையில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பற்றிய கேள்வி இன்னும் கனமானது. 300 மில்லி கோலாவில் முப்பது கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. நன்னாரியும் இதில் நிரபராதி அல்ல. மூலிகை என்ற பெயரில் அதுவும் சர்க்கரைப் பாகுதான். மோரை எட்டு லிட்டர், சர்பத்தை நான்கு லிட்டர் என்று பிரித்ததற்கு அதுவே காரணம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்காக மோரில் உப்பைப் பாதியாகப் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துவிடலாம். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையை இடித்துப் போட்டு, பெருங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்தால் உப்புக் குறைச்சல் அவ்வளவாகத் தெரியாது. பால் ஆகாதவர்களுக்குச் சர்பத் இருக்கிறது. மிஞ்சிய மோரை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் மோர்க்குழம்பு ஆகும்; கேஸ் போன ஆரஞ்சு என்ன ஆகும்?

டம்ளர் விஷயம் சின்னது, ஆனால் ஆளைத் திணறடிக்கும். பிளாஸ்டிக் டம்ளரும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. எவர்சில்வர்தான் என்றால் நாற்பது பேருக்கு நாற்பது போதாது. எங்கோ வைத்துவிட்டு மறந்து அடுத்ததை எடுப்பார்கள், அறுபதாவது வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுப்பார்கள்.

காபிக்கு எல்லோரும் கை நீட்டுவதில்லை. இருபத்தைந்து பேருக்குப் போட்டால் சரியாக இருக்கும். ஆளுக்குப் பத்து கிராம் பொடி வீதம் கால் கிலோ, பால் மூன்று லிட்டர். டிகாக்‌ஷனை ஆட்கள் வருவதற்கு முன்பே இறக்கி மூடிவைத்துவிட வேண்டும். முதல் ஆள் செருப்பைத் தேடும்போது பாலை அடுப்பில் ஏற்றினால் நேரம் சரியாக இருக்கும்.