சுட்ட கிழங்கின் மேல் என்ன ஊற்றுகிறார்கள் என்று பாருங்கள்

ஜவ்வாது மலைக்கு வார இறுதியில் போய் வருகிறவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். பீமன் நீர்வீழ்ச்சியில் குளித்தோம், குளிருக்கு இதமாகச் சுட்ட உருளைக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டோம், ஊர் திரும்புவதற்குள் வாந்தி, பேதி. பில் இருக்கிறதா என்றால் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு? மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டோம். புகார்? யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. இந்தப் பதில்கள் இருக்கும்வரை எந்தக் கடைக்காரரும் திருந்த மாட்டார்.

கிழங்கின் மேல் பழி போட வேண்டாம். தணலில் வெந்து, தோல் கருகி, ஆவி பறக்கப் பிளந்த கிழங்கில் உப்பும் மிளகும் போட்டோ, பூண்டுச் சட்னி வைத்தோ, கொள்ளுப்பொடியில் நல்லெண்ணெய் விட்டோ சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. வம்பு வருவது இப்போது எல்லோரும் கேட்டு வாங்கும் வெள்ளைக் குழம்பால்தான். மயோனைஸ். பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்து, வெயிலில் பாட்டிலோடு வைத்துப் பிழிகிறார்கள். சால்மோனெல்லா கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே தடுத்திருந்தன. தடைக்குத் தேதி உண்டு, கிருமிக்குத் தேதி கிடையாது. லேபிள் ஒட்டிய, முட்டை சேராத பாக்கெட்டைக் கண்ணெதிரே பிரித்தால் வாங்குங்கள். கடைக்காரர் மழுப்பினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்தது அலுமினியத் தாள். கிழங்கைத் தாளில் சுற்றிச் சுட்டு, விற்காததை அப்படியே மூடி வைத்து மறுநாள் சூடு காட்டி விற்பது பெரிய ஆபத்து. போட்டுலினம் என்ற மண் கிருமியின் வித்து அடுப்புச் சூட்டிலும் சாகாது. தாளுக்குள் காற்று புகாது, ஈரம் இருக்கும், சூடு ஆறும். நஞ்சு ஊற அது போதும். 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், தாளில் சுற்றிச் சுட்டு அறை வெப்பத்தில் கிடந்த கிழங்கைக் கொண்டு ஓர் உணவகம் செய்த தொடுகறியால் 30 பேர் பாதிக்கப்பட்டார்கள். கண் இமை தொங்குவது, பொருள் இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை இதன் அறிகுறிகள். காய்ச்சல் இல்லையே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டில் சுட்டாலும் சூடாகவே சாப்பிடுங்கள். மிச்சமிருந்தால் தாளைப் பிரித்துவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். தாளோடு வைக்காதீர்கள்.

மலைத்தேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுட்ட கிழங்குக்கு அதைப்போல் பொருந்தும் துணை வேறில்லை, பெரியவர்கள் தாராளமாகத் தொட்டுக்கொள்ளலாம். ஆனால் வாங்கி வந்த பாட்டிலிலிருந்தே பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை வைக்கிறார்கள். தேனில் அதே போட்டுலினம் வித்து இருக்கலாம், அது முளைப்பதைத் தடுக்கப் பச்சிளம் குடலுக்குச் சக்தி கிடையாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது, ஒரு துளிகூடக் கூடாது. பாட்டி கோபித்துக்கொண்டாலும் கூடாது.

இனி, உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது? முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய் ஓபி சீட்டு போடுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லி அதிலேயே எழுதித் தரக் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் ஜிபே ரசீது போதும், தேதியும் நேரமும் கடைக்காரர் பெயரும் அதில் இருக்கும். கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைப் படம் எடுங்கள். தள்ளுவண்டியானாலும் பதிவுச் சான்று வேண்டும். எண் இல்லையென்றால் அதுவே தனிப் புகார்.

புகாரை அன்றைக்கே உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். அன்றைக்கே என்பதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த மிச்சத்தைவிட, அலுவலர் கடையில் எடுக்கும் மாதிரிக்குத்தான் வலு அதிகம். நாலு நாள் கழித்துப் போனால் பாட்டிலும் இருக்காது, கிழங்கும் இருக்காது. எழுத்துப் புகாரை மாவட்ட நியமன அலுவலர், உணவுப் பாதுகாப்புத் துறை என்று முகவரியிட்டு அனுப்ப வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஜவ்வாது மலை மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் பக்கம் என்றால் திருவண்ணாமலை; புதூர்நாடு, காவலூர் பக்கம் என்றால் திருப்பத்தூர்; அமிர்தி என்றால் வேலூர். மாவட்டம் மாறினால் 'எங்கள் எல்லை இல்லை' என்ற ஒற்றை வரியில் மனு திரும்பிவிடும். பதிலே வராவிட்டால் அந்த மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

புகார் வரட்டும், பார்க்கலாம் என்று அலுவலர்கள் சொல்வதை ஏற்க முடியாது. புகார் இல்லாமலே மாதிரி எடுக்க 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. கோடை விழாக் கூட்டத்தில் அதைப் பயன்படுத்தாமல் வேறு எப்போது பயன்படுத்துவார்கள்? உங்களுக்கும் ஓர் உரிமை உண்டு. 40-ஆம் பிரிவின்படி நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் சொல்லலாம். சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவிக்க வேண்டும், இதை மறந்தால் போயிற்று. உணவில் குறை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

இழப்பீட்டுக்கு அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவு இருக்கிறது. உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மலைக்குத் திரும்ப வர வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. ஓபி சீட்டையும் ஜிபே ரசீதையும் மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.