இரவல் இரவு: மிருகக்காட்சிச்சாலையில் தேவாங்கின் ஒளிச்சூழல்

அப்புத்தளையிலிருந்து மேற்கே ஒகியா வழியாக மலையேறுவோர் ஹோட்டன் சமவெளியை அடைவர. அங்குள்ள மலைக்காடுகளில் வாழும் தேவாங்கு வகையொன்று அழிந்தொழிந்ததென அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கருதப்பட்டது. 2002 இல் அது மீண்டும் காணப்பட்டது. 2010 இல் அதன் ஒளிப்படங்கள் வெளியாயின. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் காடுகள் அழிக்கப்பட்டமை அதன் வாழ்விடத்தைத் துண்டாடியது. காட்டிற் காண்பதற்கரிய இத்தகைய இரவுயிர்களைப் பலரும் காண்பது மிருகக்காட்சிச்சாலைகளிலேயே. அங்கு அவற்றுக்கு ஒளியூட்டும் முறையை ஈண்டு நோக்குவோம்.

பார்வையாளர் பகலில் வருவர். தேவாங்கோ பகலில் உறங்கும். இம்முரணைத் தீர்க்க நாட்சுழற்சியே தலைகீழாக்கப்பட்டது. நியூயோர்க்கின் பிரோங்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் 1969 இல் திறக்கப்பட்ட இருளுலகக் கூடம் இதற்குச் சிறந்த சான்று. அங்கு பகலில் மங்கலொளியும் இரவில் பிரகாசமான வெள்ளொளியும் வழங்கப்பட்டன. சில நாட்களில் விலங்கின் உடற்கடிகாரம் இப்புதிய ஒழுங்கிற்கு இசைந்துவிடும்.

மங்கலொளி எந்நிறத்ததாய் இருத்தல் வேண்டும்? நிலவொளி நீலமாய்த் தோன்றுவதால் நீல மின்குமிழே பொருத்தமெனப் பலர் எண்ணினர். தேவாங்கின் குடும்பத்தில் நீலத்தை உணரும் கூம்புக் கலங்கள் செயலிழந்துள்ளன என்பதும் உண்மையே. எனினும், பார்வை வேறு, காலமறிதல் வேறு. உடற்கடிகாரத்தை நெறிப்படுத்தும் விழித்திரைக் கலங்கள் ஏறத்தாழ 480 நனோமீற்றர் அலைநீளமுடைய நீலவொளிக்கே கூர்ந்து துலங்குகின்றன. எனவே நீலவொளியை உடல் பகலெனக் கொள்கிறது. தேவாங்கினத்தைச் சார்ந்த இரவுயிர்களிடம் அமெரிக்காவில் நிகழ்த்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வு இதனை உறுதிசெய்தது: செவ்வொளியிலும் பார்க்க நீலவொளியில் அவற்றின் நடமாட்டம் குறைந்தது, இருளில் சுரக்கும் மெலற்றோனினும் குன்றியது.

அளவும் நிறத்தைப் போன்றே முக்கியமானது. முழுநிலவின் ஒளி ஏறக்குறைய 0.3 லக்ஸ் மட்டுமே. முற்றிருளும் உகந்ததன்று, மைசூர்த் தேவாங்குகள் நிலவுள்ள இரவிலேயே மிகுதியாக இயங்குகின்றன. ஊவாவில் ஆண்டு முழுவதும் இரவு ஏறத்தாழ 12 மணிநேரம் நீடிக்கும். கூடத்திலும் அவ்வளவு இருள் வேண்டும். அந்தி போன்று ஒளி படிப்படியாகக் குறைதலும் வேண்டும். துப்புரவுக்கென இடையில் விளக்கேற்றுவது அவ்விரவை முறித்துவிடும்.

1994 இல் சிங்கப்பூரில் தொடங்கிய இரவுக் காட்சிச்சாலை மாற்றுவழி கண்டது. விலங்கின் இரவை மாற்றாமல், மனிதரையே இரவில் வரச்செய்தது. இவ்விரு முறைகளுக்குமிடையேயுள்ள வேறுபாடு தொழில்நுட்பத்தின்பாற்பட்டது மட்டுமன்று. எவருடைய வசதிக்காக எவருடைய காலம் திருப்பப்படுகிறது என்பதே அடிப்படை வினா. விடியுமுன் தப்பும் கொம்பும் ஒலித்துப் பிரட்டுக்கு அழைத்த தோட்டங்களின் வரலாற்றை அறிந்த நமக்கு இவ்வினா புதியதன்று. இரவை இரவல் வாங்கியே ஓருயிரைக் காட்டவேண்டுமெனின், அவ்விரவு அதன் கண்ணுக்கும் உடலுக்கும் மெய்யான இரவாய் அமைதல் வேண்டும். அதுவே நாம் கொள்ளத்தக்க குறைந்தபட்ச அறம்.