சபையாருக்கு ஈமெயில்: தலைப்பிலேயே நேரம் வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பை லோக்கல் ரெயில் பாதையில் 'மெகா பிளாக்'. டோம்பிவிலியில் இருந்து தமிழ் ஆராதனைக்குப் புறப்பட்டவர்கள் பாதி வழியில் நிற்கிறார்கள். ஷிப்டு வேலைக்காரருக்கும், ஆஸ்பத்திரி நர்சுக்கும் ஞாயிறு என்பதே கிடையாது. ஆலயத்தில் வாசிக்கும் அறிவிப்பு இவர்கள் காதில் விழாது.

சொந்த ஊரில் இந்தக் கவலை இல்லை. சாவு மணி வேறு, ஆராதனை மணி வேறு. வயலில் நிற்பவருக்கும் விஷயம் புரிந்துவிடும். மும்பையில் அந்த மணியின் வேலையை ஈமெயில் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால், வருகிற கடிதம் எப்படி இருக்கிறது? "சபை அறிவிப்பு" என்று தலைப்பு. திறந்தால் வாழ்த்துரை ஒரு பத்தி. பிறகு பெண்கள் கூட்டம், ஓய்வுநாள் பள்ளித் தேர்வு, அறுப்பின் பண்டிகை ஏலம். எல்லாம் முடிந்து கடைசி வரியில், சபையின் மூத்தவர் ஒருவர் இறந்துவிட்டார், இன்று மாலை 4 மணிக்கு அடக்கம் என்று இருக்கும்! ஆபீசில் இருப்பவர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதைப் படிப்பார். ஊரில் இருந்து ஒன்றாக வந்து, ஒரே அறையில் தங்கிப் பிழைத்த கூட்டாளியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போய்விடும்.

செல்போனில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். ஆகவே, "இன்று மாலை 4 மணி அடக்கம்" என்று தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். இடமும், இறங்க வேண்டிய ஸ்டேஷனும் முதல் வரியில் வரட்டும். மரணச் செய்தியோடு ஏலத்தைச் சேர்க்கவே கூடாது. அது தனிக் கடிதம்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16-ம் அதிகாரத்தில் பவுல் பெயர் பெயராக வாழ்த்துச் சொல்கிறார். நீண்ட கடிதம்தான். ஆனால், அதைப் படித்தவர்கள் 5.40 லோக்கலில் தொங்கிக்கொண்டு படிக்கவில்லை!

எழுத்து தெரியவில்லையே!

அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டி அனுப்பினால், செல்போனில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடில் அடிப்பதே வழி. மும்பையிலேயே பிறந்த பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அவர்களுக்காக அடியில் இரண்டு வரி ஆங்கிலம் இருந்தால் நல்லது.

நோயாளியின் பெயர்

ஜெப விண்ணப்பத்தில்தான் அதிகக் கவனம் தேவை. என்ன நோய், எந்த வார்டு என்று பெயரோடு போட்டுவிடுகிறார்கள். அந்தக் கடிதம் கைமாறி, வேலை கொடுத்த முதலாளிக்கும் போகலாம். ஊரில் சம்பந்தம் பேசும் வீட்டுக்கும் போகலாம். "இதை எழுதலாமா?" என்று முதலில் நோயாளியையே கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால், "நம் சபையார் ஒருவர்" என்று எழுதினால் போதும்.

சபையாரின் முகவரிகளையும் எல்லார் கண்ணிலும் படும்படி போடக்கூடாது. 'பி.சி.சி.' என்ற கட்டத்தில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும் என்பதால், பெரிய சபைகள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முகவரிகள் மோசடிக்காரர் கையில் சிக்கினால் ஆபத்து. போதகர் பெயரில் ஈமெயில் அனுப்பி, 'கிப்ட் கார்டு' வாங்கித் தரச் சொல்லும் மோசடி பற்றி அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் 2019-ல் எச்சரித்தது. காணிக்கை கேட்டு அவசரக் கடிதம் வந்தால், ஆயருக்கு நேரில் போன் செய்து கேட்டுவிடலாம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

இனி, ஈமெயிலே இல்லாத வீடுகள். பேரன் வேலைக்குப் போனபின் பாட்டி தனியாக இருப்பார். அந்தந்த ஏரியா ஜெபக் குழுத் தலைவர் நாலு வீட்டுக்குப் போன் போட்டு, கடிதத்தை வாசித்துக் காட்டினால் போதும். கடிதம் சின்னதாக இருந்தால் அவருக்கும் ரெயிலைப் பிடிக்க நேரம் இருக்கும்.