ஒரு பாத்திமா, மூன்று பதிவுகள்

நோயாளரைப் பற்றிய தகவலைப் பிழையின்றிச் சேர்த்து, உரிய நேரத்தில் உரியவர் கையில் கொடுப்பதே மருத்துவத் தகவலியல். கொழும்பில் மருத்துவர்களுக்கு இது முதுமாணிப் பாடநெறி. தெமோதரையில் எனது உயர்தர மாணவர்களுக்கு இந்த வரைவிலக்கணத்தை நான் சொல்லவில்லை. ஒரு கற்பனைச் சம்பவத்தை மட்டும் கொடுத்தேன்.

தோட்ட மருந்தகத்தில் ஒரு தாய்க்குப் பென்சிலின் ஒவ்வாது என்று பதியப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் கழித்துக் காய்ச்சலோடு பதுளைக்கு அனுப்புகிறார்கள். அங்கே கணினியில் பாத்திமா, பாதிமா, பாத்துமா என்று மூன்று பதிவுகள். மூன்றிலும் வயது ஒன்றே. ஒவ்வாமைக் குறிப்பு ஒன்றில்தான் இருக்கிறது. தாதி என்ன செய்வார்?

1969இல் கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவ பீடம் தொடங்கிவைத்த பிரச்சினை மையக் கற்றல் இவ்வாறானதுதான். முதலில் சிக்கல், பிறகே பாடம். தெரிந்தது எது, தெரியாதது எது என்று சிறு குழுவாகப் பிரித்துத் தேட வேண்டும். ஆசிரியர் விடை சொல்லக்கூடாது. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஐடென்டிட்டி கார்ட் நம்பரைப் பார்த்தால் சரி” என்றான் ஒருவன். சின்னப் பிள்ளைக்கு அட்டை ஏது என்றாள் இன்னொருத்தி. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். பிறந்த திகதி? தன் உம்மம்மாவுக்கு அது சரியாகத் தெரியாது என்றாள் ஒரு மாணவி. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரும் இல்லை, வாப்பாவின் பெயர்தான் முதலெழுத்து. ‘முஹம்மத்’ என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று எண்ணியதிலேயே ஒரு பாடவேளை போயிற்று.

இந்தச் சிக்கல் நமது அறிஞர்களுக்குப் புதிதல்ல. ஒரே பெயருடைய ஹதீஸ் அறிவிப்பாளர்களைப் பிரித்தறியவே 11ஆம் நூற்றாண்டில் அல்-கதீப் அல்-பக்தாதி தனி நூல் எழுதினார்.

நான்கு பாடவேளைகளில் பிள்ளைகள் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பெயரையும் திகதியையும் சாராத, ஆயுள் முழுவதும் மாறாத ஓர் இலக்கம் வேண்டும். சுகாதார அமைச்சின் தனிநபர் சுகாதார இலக்கத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். பாடத்திட்டத்தில் பின்தங்கிவிட்டேன், உண்மைதான்.

பழைய மூன்று பதிவுகளையும் ஒன்றாக்கிவிடலாம் என்றது ஒரு குழு. “அதில் ஒருத்தி வேற ஆளா இருந்தா, சேர்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இரத்த வகையும் மாறிப்போகுமே. மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குகிறோம்.