வெப்பநாட்டு இல்லமும் குளிர்நாட்டு இல்லமும்

உணவும் உடையும் போல உறையுளும் மனிதனுக்கு இன்றியமையாதது. அவ்வுறையுளின் வடிவத்தை ஆள்வோரின் விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. காலநிலை, நிலத்தின் விலை, அரசின் சட்டம் என்பனவும் அதனை உருவாக்குகின்றன. திருகோணமலையிலுள்ள ஓர் இல்லத்தையும் இலண்டனிலுள்ள ஓர் இல்லத்தையும் ஒப்புநோக்கின் இவ்வுண்மை தெளிவாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஆங்கிலேயர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். கோட்டைக்கு 1803இல் பிரெடெரிக் என்னும் பெயரை இட்டனர். ஆயினும், ஒல்லாந்தர் கட்டிய இல்லங்களை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் இல்லம் எனப்படும் மாடிக் கட்டடம் அவர்கள் காலத்திலும் பயன்பட்டது. ஒல்லாந்தர் இலங்கையிற் கட்டிய வீடுகளில் தடித்த சுவர்களும், சுண்ணச் சாந்தும், உயர்ந்த ஓட்டுக் கூரையும், தூண்கள் தாங்கும் அகன்ற விறாந்தையும் சிறப்பாகக் காணப்படும். விறாந்தை வெயிலையும் மழைச்சாரலையும் சுவரில் விழாது தடுக்கும். உயர்ந்த கூரை வெப்பக் காற்றை மேலெழச் செய்யும். நம் முன்னோரின் நாற்சார் வீட்டில் நடுமுற்றம் ஆற்றிய பணியும் இத்தகையதே. வந்தவர் எவராயினும் இம்மண்ணின் வெயிலுக்குப் பணிந்தே வீடு கட்டினர் எனலாம்.

அதே ஆங்கிலேயர் தம் நாட்டில் வாழ்ந்த வீடோ முற்றிலும் வேறானது. விக்டோரியா மகாராணியார் காலத்தில் (1837–1901) தொழில் நகரங்கள் பெருக, நிலம் அருமையாயிற்று. எனவே, வீதியோரமாக வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டப்பட்டன. இவையே வரிசை வீடுகளாகும். இரு வீட்டுக்கும் ஒரே பொதுச் சுவர். அச்சுவரிலேயே கணப்பும் புகைபோக்கியும் அமையும். வெளிக்காற்றுப் படும் பக்கங்கள் முன்னும் பின்னும் மட்டுமே ஆதலின் வெப்பம் வீட்டினுள்ளே தங்கும். வசதியுள்ளோர் வீடு ஒடுங்கிய முகப்புடன் உயர்ந்து நிற்கும். நிலவறையிற் சமையலறை, அதன்மேல் உணவறை, முதல் மாடியில் விருந்தினர் கூடம், அதற்குமேற் படுக்கையறைகள், உச்சியில் பணியாளர் அறை என்பது பெருவழக்கு.

சட்டமும் இவ்வீட்டைச் செதுக்கியது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீ இலண்டன் மக்களை மரத்தினின்று செங்கல்லுக்குத் திருப்பியது. சாளரங்களை எண்ணி வரி வாங்கிய காலத்தில், வரிக்கு அஞ்சிச் சிலர் சாளரங்களை அடைத்துவிட்டனர். கண்ணாடி வரி 1845இலும், செங்கல் வரி 1850இலும், சாளர வரி 1851இலும் நீங்கவே, அகன்ற கண்ணாடிச் சாளரங்கள் பெருகின. எனினும், ஏழைத் தொழிலாளர் பின்சுவரும் பொதுவாயுள்ள, காற்றோட்டமற்ற வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர், நோய்களும் மலிந்தன. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் தொடர்ந்து, வீதியின் அகலத்தையும் வீட்டின் பின்புறத் திறந்தவெளியையும் வரையறுக்கும் விதிகள் நகரந்தோறும் பரவின.

அக்காலத்து வரிசை வீட்டுக்குச் சிறந்த சான்று, இலண்டனில் ஸ்ராபோர்ட் ரெறஸ் 18ஆம் இலக்க இல்லமாகும். 'பஞ்ச்' இதழின் கேலிச்சித்திரக்காரர் லின்லி சாம்போர்ண் 1875 முதல் இங்கு வாழ்ந்தார். வழித்தோன்றல்கள் அதன் உள்ளமைப்பைப் பெரிதும் மாற்றாது பேணினர். விக்டோரியாக் காலக் கட்டடங்களைக் காக்கும் சங்கத்தை நிறுவும் யோசனை 1957இல் இவ்வீட்டிலேயே பிறந்தது. 1980 முதல் பொதுமக்களும் இதனைக் காண இயன்றது. திருகோணமலையின் ஆணையாளர் இல்லமும் நெதர்லாந்து அரசின் உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு, 2013இல் கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாயிற்று.

அரசின் துணையால் ஒரு பெருங்கட்டடம் பிழைத்தது. ஆயின், திண்ணையும் முற்றமும் உடைய சாதாரண வீடுகளைக் காப்பவர் யார்? நகரங்களில் வளவுகள் துண்டாடப்பட்டு, விறாந்தையற்ற கொங்கிறீற்று வீடுகள் சுவரோடு சுவராக எழுகின்றன. குளிர்நாட்டார் வெப்பத்தைச் சிறைப்படுத்தக் கண்ட வடிவத்தை, வெப்பத்தாற் புழுங்கும் நாம் மேற்கொள்ளுதல் அறிவுடைமையாகாது. அவர்களிடமிருந்து கொள்ளத்தக்கது நெருக்கமன்று. காற்றுக்கும் ஒளிக்கும் இடம்விட வேண்டுமென்ற விதியே. பழைய வீடொன்று இடிபடுமுன் அதனை அளந்து வரைபடமாக்கி வைத்தல் மாணவராலும் ஆகக்கூடிய பணியாகும். அவ்வாறு செய்யின், நாளை வீடு கட்டுவோர்க்கு நம் முன்னோரின் அறிவு துணைநிற்கும்.